எத்தனை தடவை என்று கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை

தங்கச்சிமடம்காரன் (ஏப்ரல் 17, இரவு 9:50)

வணக்கம். குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், அதைப் பார்க்கிற டாக்டர்கள், நர்ஸ்கள் யாராவது இங்கே இருந்தால் பதில் எழுதுங்கள். எனக்கு வயது 36. பதினைந்து வருடமாக விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். நாலு வருடத்துக்கு முன் மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்து ஊருக்குள்ளேயே ஒருவரிடம் எட்டு மாதம் மருந்து சாப்பிட்டேன், 11 கிலோ குறைந்தேன். கடைசியில் மதுரையில் குழாய் விட்டுப் பார்த்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண். அன்றையிலிருந்து குடல் அழற்சியை அடக்குகிற மெசலமின் மாத்திரை.

போன மாதம் காட்டப் போனேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்றார். மூன்று என்றேன். முதலில் எட்டு, பத்து இருந்தது. "ரத்தம்?" எப்போதாவது என்றேன். "நல்ல முன்னேற்றம், இதையே தொடருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்த மூன்று தடவையும் எப்படி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. வயிறு ஒரு தடவை சுருட்டிப் பிடித்தால் எனக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். படகில் நாங்கள் ஐந்து பேர், கக்கூஸ் கிடையாது, பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மடியை, அதாவது மீன் சேர்ந்திருக்கிற வலைப் பையை, மேலே ஏற்றுகிற நேரத்தில் ஒருவன் கையை விட்டுவிட்டு ஓடினால் மற்ற நாலு பேரின் உயிருக்கும் அது ஆபத்து. இரண்டு தடவை அப்படி ஓடியிருக்கிறேன். ஒரு தடவை ஓடவும் முடியவில்லை. இருட்டாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை, கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். அன்று அழுததை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நேற்று முன்தினம் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது, ஜூன் 14 வரை 61 நாள் கரையில்தான். ஜூன் 15 ஓனர் கூப்பிடுவார். அப்போது போவதா வேண்டாமா என்பதுதான் என் கவலை. உங்களில் யாராவது இந்த "அடக்க முடியாத" விஷயத்தை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள்?

வாலிநோக்கம் சிஸ்டர் (ஏப்ரல் 17, இரவு 11:15)

தம்பி, நான் கடற்கரை ஊர் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் யாருமே இப்படிச் சொல்வதில்லை. "வயிறு சரியில்லை சிஸ்டர்", "சூடு சிஸ்டர்", அவ்வளவுதான். ஆம்பளைகள் அதுகூடச் சொல்லாமல் ஓஆர்எஸ் பாக்கெட் மட்டும் கேட்பார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இடுப்பு வலி, தோள் வலி என்று ஊசி போட்டுக்கொள்கிறீர்களா? வலை இழுக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது டைக்ளோஃபினாக் ஊசி கேட்டு வருவார்கள், இல்லையென்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். உங்கள் நோய்க்கு அந்த வகை வலி மருந்து ஆகாது, அடங்கியிருக்கிற புண்ணைக் கிளப்பிவிடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் கேளுங்கள். யார் ஊசி போட வந்தாலும் "எனக்குக் குடல் புண் நோய் இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சீதபேதி என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். ஒரு மாதம் தாண்டியும் ரத்தமும் சளியும் போகிறது, நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, எடை குறைகிறது என்றால் அது மூலமும் இல்லை, சூடும் இல்லை. கொலோனோஸ்கோப்பி (குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) பார்க்காமல் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடாதீர்கள்.

குடல் மருத்துவர், மதுரை (ஏப்ரல் 18, காலை 6:20)

நான் குடல் நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறந்தது தேவிபட்டினம் பக்கம், அதனால் தம்பி எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

நாங்கள் ஏன் எண்ணிக்கை கேட்கிறோம் என்று முதலில் சொல்கிறேன். 1955இல் டிரூலவ், விட்ஸ் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் இந்த நோயின் கடுமையை அளக்க ஒரு கணக்கு வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90க்கு மேலோ, ரத்தச்சோகையோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அது உயிரைக் காப்பாற்றுகிற கணக்கு, இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அதற்குப் பிறகு வந்த மேயோ மதிப்பெண்ணிலும் எத்தனை தடவை, எவ்வளவு ரத்தம், குழாயில் என்ன தெரிகிறது, டாக்டர் என்ன நினைக்கிறார் என்பதுதான் உண்டு. எவ்வளவு அவசரமாக வருகிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. நாங்கள் படித்தது அந்தத் தாளை வைத்து, அதனால் கேட்பதும் அந்தத் தாளில் உள்ளதை மட்டும்தான். எட்டு மூன்றாகிவிட்டால் எங்களுக்கு நிம்மதி. உங்களுக்கு அந்த மூன்றில் ஒன்று மடி ஏற்றும்போது வருகிறது.

அந்த அவசரம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலக்குடல் ஒரு பை மாதிரி, நிறைய நிறைய விரிந்து கொடுக்கும், அதனால்தான் ஆரோக்கியமான ஒருவரால் ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடிகிறது. அழற்சி வந்துவிட்டால் அந்தப் பை விறைத்துப்போகும். கொஞ்சம் வந்தாலும், சில நேரம் வெறும் காற்றோ சளியோ வந்தாலும்கூட, உடனே தள்ளப் பார்க்கும். உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் ஆரம்பித்து மேலே ஏறுகிற நோய். மாத்திரை மேலிருந்து வருகிறது, கடைசி முனைக்குப் போதுமான மருந்து சேராமல் போகலாம். அதனால்தான் மெசலமினை ஆசனவாயில் வைக்கிற மாத்திரையாகவும் எனிமாவாகவும் கொடுக்கிறோம். வாய்வழி மட்டும் எடுப்பதைவிட இரண்டும் சேர்த்து எடுத்தால் நன்றாகக் கேட்கிறது என்பது நிரூபணமான விஷயம். தம்பி, உங்களுக்கு அது எழுதித் தந்தார்களா?

தங்கச்சிமடம்காரன் (ஏப்ரல் 18, பிற்பகல் 1:05)

டாக்டர் அம்மா, எழுதித் தந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே. ஒரு பெட்டி வாங்கினேன், ஒன்றுகூட வைக்கவில்லை. அடுத்த தடவை போனபோது "வைக்கிறீர்களா?" என்று கேட்டார், தலையை ஆட்டிவிட்டேன். வீட்டில் ஒரே அறை, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், எங்கே படுத்துக்கொண்டு வைப்பது என்று இருந்தது. அதைவிடவும், ஆம்பளை இதையெல்லாம் செய்வதா என்ற கூச்சம். நான் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் மாத்திரை அளவைக் கூட்டாமல் விட்டார் போல. இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போகிற நாளில் பேதி நிற்கிற மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டுதான் போவேன். அதையும் சொன்னதில்லை.

குடல் மருத்துவர், மதுரை (ஏப்ரல் 18, இரவு 8:40)

சொன்னதற்கு நன்றி தம்பி. நீங்கள் லோபராமைடைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நோய் அடங்கியிருக்கும்போது டாக்டருக்குத் தெரிந்து ஒன்றிரண்டு போடலாம். ரத்தம் போகும்போது, வயிறு ஊதி வலிக்கும்போது, காய்ச்சல் இருக்கும்போது போடவே கூடாது, பெருங்குடல் வீங்கிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கடலில் அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்?

வைக்கிற மாத்திரையைப் பற்றி: இரவு எல்லோரும் படுத்த பிறகு, வெளிக்குப் போய்விட்டு வந்து, பாத்ரூமிலேயே ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றபடியே வைத்துக்கொள்ளலாம். நுனியைத் தண்ணீரில் நனைத்தால் போதும். எனிமாவுக்குத்தான் இடது பக்கமாகப் படுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் இளகிவிடும், மண்பானைக்குப் பக்கத்திலோ அறையில் குளிர்ச்சியான மூலையிலோ வையுங்கள். இதையெல்லாம் உங்களுக்கு மருந்து எழுதியவர்தான் சொல்லியிருக்க வேண்டும். நானும் எத்தனையோ பேருக்குப் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன், நேற்றுவரை.

பாசிக்காரி மகள் (ஏப்ரல் 19, மாலை 5:30)

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். மன்னார் வளைகுடா தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றுகிற நாட்களில். விடியற்காலை வள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். அதனால் அம்மா முந்தின நாள் சாயங்காலத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடும். வெறும் வயிற்றில் முக்குளிக்கும். திரும்பி வந்துதான் கஞ்சி.

அம்மாவுக்குப் பெரிய கஷ்டம் அவசரம்கூட இல்லை, அசதி. "கை கால் எல்லாம் யாரோ உருவி எடுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லும். டாக்டரிடம் போனால் ஹீமோகுளோபின் 8.5 இருந்தது 10.8 ஆகிவிட்டது, நல்லது என்கிறார்கள். அம்மா வெளியே வந்து என்னிடம், "அவருக்கு நல்லா இருக்காம், எனக்குத்தான் நல்லா இல்லை" என்றது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வயிறு பிசைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அது ரத்தமோ என்று வேறு பயம். நிறுத்திவிட்டது.

வாலிநோக்கம் சிஸ்டர் (ஏப்ரல் 19, இரவு 10:00)

மகளே, இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்புதான், பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று, கெட்ட வாடையோடு போனால் அது வேறு, உடனே கூட்டிக்கொண்டு போ. குடலில் அழற்சி இருக்கும்போது மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம், அதைக் கேள். "மாத்திரை போடுகிறேன்" என்று பொய் சொல்ல வேண்டாம், "முடியவில்லை, நிறுத்திவிட்டேன்" என்று சொன்னால்தான் அடுத்த வழியைப் பார்ப்பார்கள்.

குடல் மருத்துவர், மதுரை (ஏப்ரல் 20, காலை 6:05)

சிஸ்டர் சொன்னது சரி. இன்னும் ஒன்று சேர்க்கிறேன். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் அசதி போகாமல் இருப்பது இந்த நோயில் மிகவும் சகஜம். அழற்சி தொடர்ந்தால் வரும், இரவில் எழுந்து எழுந்து தூக்கம் கெட்டால் வரும், பி12, வைட்டமின் டி, தைராய்டு குறைந்தால் வரும், மனச்சோர்வாலும் வரும். எல்லாமே பார்க்கக்கூடியவை. 2021இல் சர்வதேச நிபுணர்கள் திருத்தி வெளியிட்ட சிகிச்சை இலக்குகளில் குடலின் உள்தோல் ஆறுவதோடு நோயாளியின் வாழ்க்கைத் தரமும் மீள வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை, "அவருக்கு நல்லா இருக்காம், எனக்குத்தான் நல்லா இல்லை" என்பதை, நான் எழுதி என் மேசையில் வைத்துவிட்டேன்.

பனைமரத்தடி (ஏப்ரல் 20, காலை 9:45)

எல்லாம் சரி. ஆனால் இந்த இங்கிலீஷ் மருந்து எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். நம் ஊரில் மணத்தக்காளி, மாதுளம் பிஞ்சு, மோர் என்று குடல் புண்ணை ஆற்றிய பெரியவர்கள் இல்லையா? குண்டு மிளகாயை நிறுத்தினாலே பாதி நோய் போய்விடும். என் மாமா எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஆறு மாதமாக நன்றாகத்தான் இருக்கிறார்.

கீழக்கரை வாசி (ஏப்ரல் 20, பிற்பகல் 3:20)

தம்பி, உங்கள் மாமா நன்றாக இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். ஆனால் நானும் அப்படி நிறுத்தியவன். எனக்கு இருப்பது கிரோன்ஸ், இதுவும் குடல் அழற்சி நோயில் இன்னொரு வகை. துபாயில் வேலையில் இருந்தபோது நன்றாக இருந்தது என்று எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அசதயோபிரின் மாத்திரையை நானே நிறுத்தினேன். ஏழு மாதம் ஒன்றும் இல்லை. எட்டாவது மாதம் குடல் அடைத்துக்கொண்டு, ஒன்றரை அடி சிறுகுடலை வெட்டி எடுத்தார்கள். இந்த நோய் அடங்கிக் கிடக்கும், பிறகு கிளம்பும், அதுதான் அதன் குணம். ஆறு மாதத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

என் கதை கொஞ்சம் நீளம். முதலில் ஆசனவாய்ப் பக்கம் கட்டி, பௌத்திரம் என்று இரண்டு தடவை ஆபரேஷன். குடலில் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு வயிற்று வலி, ஸ்கேனில் குடல் தடித்திருக்கிறது, காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாதம் டிபி மருந்து. அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன், நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன்ஸும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், சதை எடுத்துப் பார்த்தாலும் சில நேரம் பிடிபடாது, டிபி இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தைக் கொடுத்தால் ஆளே போய்விடலாம் என்று பின்னால் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பத்து நிமிட விளக்கத்தை முதல் நாளே யாராவது தந்திருந்தால் ஆறு மாதம் நான் ஆத்திரத்தில் வெந்திருக்க மாட்டேன். என் மனைவியைப் பக்கத்தில் படுக்க விடாமல், பிள்ளைகளைத் தூக்காமல் இருந்தேன், வேறு யாருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நானாக நினைத்துக்கொண்டு.

சாப்பாடு பற்றி: மிளகாய் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. ஆனால் நோய் கிளம்பியிருக்கும்போது எரியும், அப்போது தவிர்க்கிறேன். அடங்கிய பிறகு மீன் ஆணம் (குழம்பு) எல்லாம் சாப்பிடுகிறேன். பீடி சிகரெட்தான் கிரோன்ஸுக்கு உண்மையான எதிரி, அதை விட்டது எனக்கு மருந்துக்குச் சமம்.

பனைமரத்தடி (ஏப்ரல் 20, மாலை 6:10)

பாய், எனக்கு இது தெரியாது. மாமாவை அடுத்த வாரம் காட்டச் சொல்கிறேன்.

குடல் மருத்துவர், மதுரை (ஏப்ரல் 20, இரவு 9:30)

மணத்தக்காளி, மோர், நுங்கு எதற்கும் நான் தடை சொல்வதில்லை, ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். மருந்துக்குப் பதிலாக என்று வரும்போதுதான் பயப்படுகிறேன். மாமா ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறார் என்றாலும், மலத்தில் கால்புரொடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டுகிற புரதத்தைப் பார்த்தால் உள்ளே புகைகிறதா என்று தெரியும், குழாய் விடாமலேயே. அப்புறம், பெருங்குடல் முழுக்க நோய் உள்ளவர்கள் எட்டு வருடம் ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் கொலோனோஸ்கோப்பி பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கிறது என்று வராமலே போனவர்களைத்தான் இதில் தவறவிடுகிறோம்.

தொண்டிப் பொண்ணு (ஏப்ரல் 22, இரவு 11:40)

எனக்கு 24. மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வீட்டில் நோயைச் சொல்லக் கூடாது என்கிறார்கள். மாத்திரையை வைட்டமின் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் "குழந்தை பிறக்குமா" என்று கேட்டேன், "அதை அப்போது பார்ப்போம்" என்றார். அவருக்கு அது அப்போது. எனக்கு இப்போது.

குடல் மருத்துவர், மதுரை (ஏப்ரல் 23, காலை 6:15)

பிறக்கும் அம்மா. நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால் பெரும்பாலோருக்கு மற்றவர்களைப் போலத்தான். மெசலமின், அசதயோபிரின் இரண்டையும் கர்ப்பத்தில் பொதுவாகத் தொடர்கிறோம். இந்த நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் கூடவே கூடாது, பல மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பயந்துபோய் எல்லா மருந்தையும் நிறுத்தி, நோய் கிளம்பினால் அதுதான் குழந்தைக்குக் கெடுதல். கல்யாணத்துக்கு முன் அவரிடம் சொல்வதா என்பது உன் முடிவு. என்னிடம் கேட்டால், மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்க வேண்டியிருக்கிற வீட்டில் யாருமே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் நானே விளக்குகிறேன்.

கீழக்கரை வாசி (ஏப்ரல் 23, காலை 8:00)

தங்கச்சி, எனக்கு அந்த பௌத்திர ஆபரேஷனைப் பெண் வீட்டில் சொன்ன பிறகுதான் கல்யாணம் ஆனது. ஒரு இடம் தட்டிப்போனது உண்மை. அடுத்து வந்தவர் இன்றைக்கும் என் ஊசித் தேதியை என்னைவிட ஞாபகம் வைத்திருக்கிறார்.

தங்கச்சிமடம்காரன் (ஜூன் 12, இரவு 8:15)

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். அன்று நீங்கள் எல்லாம் எழுதியதற்குப் பிறகு, மே மாதம் மதுரைக்குப் போனேன். பஸ்ஸில் போவதில்லை, ரயில்தான். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல் நிறுத்தியிருந்த அந்த இரண்டு வருடத்துக்கு மேல், 2022 டிசம்பரிலிருந்து, மண்டபம் வரைக்கும் வேறு வண்டி பிடித்துப் போய் ஏறினேன், ஏனென்றால் ரயிலில் கக்கூஸ் உண்டு. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் ஊரில் எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போனார்கள், நான் அழுதேன், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் உட்கார்ந்ததும் ஒரு தாளைக் கொடுத்தேன். பேச வராது என்று முதல் நாளே எழுதிவைத்தேன். "மூன்று தடவை போகிறேன். ஒரு நிமிடம்தான் அடக்க முடிகிறது. வைக்கிற மாத்திரையை ஒரு நாளும் வைக்கவில்லை. கடலுக்குப் போகும்போது பேதி மாத்திரை போடுகிறேன். இடுப்புக்கு ஊசி போடுகிறேன். படகில் ஒரு தடவை ஆகிவிட்டது." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு ஜூன் 15க்குள் எவ்வளவு நேரம் அடக்க முடிந்தால் போதும்?" என்று கேட்டார். நாலு வருடத்தில் முதல் தடவை. பத்து நிமிடம் என்றேன், மடியை ஏற்றி முடிக்க அவ்வளவு ஆகும்.

மாத்திரை அளவைக் கூட்டினார், இரவு வைக்கிறதை ஒரு நாளும் விடக் கூடாது என்றார். முதல் ஒரு வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. மனைவியிடம் சொன்னேன், அவள்தான் இப்போது பிள்ளைகளைச் சீக்கிரம் படுக்க வைக்கிறாள். மூன்றாவது வாரத்திலிருந்து மாற்றம் தெரிந்தது. இப்போது ஆறேழு நிமிடம் தாங்குகிறேன். தினமும் காலையில் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைக்கிறேன்.

வாலிநோக்கம் சிஸ்டர் (ஜூன் 12, இரவு 9:00)

தம்பி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. இன்னும் பத்து ஆகவில்லையே, 15ஆம் தேதி போகத்தான் வேண்டுமா?

தங்கச்சிமடம்காரன் (ஜூன் 12, இரவு 9:20)

முதல் நாள் போகவில்லை சிஸ்டர். ஓனரிடம் நேரில் போய், குடலில் நோய், மருந்து எடுக்கிறேன், இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ரத்தம், அவசரம் எல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் தம்பிக்கும் அப்படித்தான் போகுது, மூலம்னு சொல்லிட்டு இருக்கான்" என்றார். அவரை எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று கேட்கத்தான் இப்போது எழுதுகிறேன். டாக்டர் அம்மா, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வந்தால் பார்ப்பீர்களா?

குடல் மருத்துவர், மதுரை (ஜூன் 13, காலை 6:00)

கூட்டிக்கொண்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டே வரட்டும். இதுவரை எடுத்த மருந்துகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், வலி மாத்திரை உட்பட. காலை ரயிலில் வாருங்கள்.